கேட்டில் ஒட்டிய தாள்

களியக்காவிளை தாண்டி பாறசாலை போகிற வழியில், ஒரு வீட்டு கேட்டில் வங்கியின் உடைமை அறிவிப்பு, அதாவது கடன் பாக்கிக்காக வீட்டை எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் தாள், ஒட்டியிருந்தது. உள்ளே கொடியில் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது.

அந்தத் தாளில் முதலில் பார்க்க வேண்டியது தொகையை அல்ல, தேதியை.

அடமானச் சொத்தை வங்கி கோர்ட்டுக்குப் போகாமலே எடுத்து விற்க வழி தருவது சர்ஃபேசி சட்டம். அதன் 13(2) பிரிவில் பாக்கியைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தால் 60 நாள் அவகாசம். அதற்குள் ஆட்சேபம் கொடுத்தால், ஏற்க மறுக்கும் வங்கி 15 நாளில் காரணம் சொல்லியாக வேண்டும். பலர் மேனேஜரிடம் வாயால் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். எழுதிக் கொடுங்கள், நகலில் சீல் வாங்குங்கள்.

கேட்டில் தாள் ஏறிவிட்டால் அது 13(4), வங்கி சொத்தை எடுக்கும் கட்டம். அங்கிருந்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயம் போகணும்.

நம்ம தமிழ்நாடு-கேரள எல்லைப் பக்கத்துக்கு இதில் ஒரு வழி உண்டு. வீடு கேரளத்துப் பாறசாலையில், கடன் கணக்கு தமிழ்நாட்டுக் களியக்காவிளைக் கிளையில் என்றால் எர்ணாகுளம் தீர்ப்பாயத்திலும் மனு போடலாம், மதுரையிலும் போடலாம். 2016 திருத்தம் தந்தது.

அதே திருத்தம்தான், சொத்தை மீட்பது பற்றிய 13(8)-ல் கையைக் கட்டியது. முன்பெல்லாம் ஏலத்துக்கு முன்னால் வரை பாக்கியைக் கட்டி மீட்கலாம். இப்போது ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். 2023-ல் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிவிட்டது.

"ஏலத்துக்கு முந்தின நாள் கட்டிடலாம்" என்று இன்னும் நம்பியிருப்பவர்களை நினைத்தால் பதறுகிறது.

பணம் புரட்ட முடியும் என்றால், பேப்பரில் ஏல விளம்பரம் வரும் முன்பே வட்டி, செலவு சேர்த்து மொத்தக் கணக்கையும் வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.