எதனுடைய சதவீதம்?

நம் கணித மாஸ்ரர் காலமான செய்தி வந்தபோது, இலண்டனில் ஒரு தமிழ்க் கடைக்காரரின் வரிக் கணக்கைத் திருத்திக்கொண்டிருந்தேன். 120 பவுணுக்கு விற்ற பொருளுக்கு வரி 20 சதவீதம் என்று 24 பவுணை எழுதி வைத்திருந்தார். அந்த 20 சதவீதம் வரி சேராத 100 பவுணுக்கு உரியது. ஆகவே வரி 20 பவுண்தான், விற்ற விலையில் ஆறில் ஒரு பங்கு. இதை விளக்கும் எவரும் மாஸ்ரரின் கேள்வியைத்தான் கேட்டாக வேண்டும்: "எதனுடைய சதவீதம்?"

அவர் வெண்கட்டி எறியும் திறமையை இங்கே விவரிக்கத் தேவையில்லை; அடிபட்டவர்களில் பலர் நம் பழைய மாணவர் சங்கத்தின் இம்மலரின் வாசகர்கள். 640இன் 15 சதவீதத்தைக் கேட்டால், பத்துக்கு 64, அதன் பாதி 32, மொத்தம் 96 என்று மனக்கணக்காகவே சொல்ல வேண்டும். 25இன் 8 சதவீதம் கடினமாகத் தெரிந்தால் 8இன் 25 சதவீதத்தைப் பார், காற்பங்குதானே, 2 என்பார்.

ஏழாம் வகுப்பில், மூன்றாம் தவணை முடியும் வேளையில், எனக்குப் பக்கத்தில் இருந்த மூதூர்ப் பையனை எழுப்பி, அவனுடைய வரவையே கரும்பலகையில் கணக்காகச் செய்யச் சொன்னார். பாடசாலை நடந்த நாள் 50, அவன் வந்தது 36. முப்பத்தாறை ஐம்பதால் வகுத்து நூறால் பெருக்கி 72 என்று எழுதினான். வகுப்பு சிரித்தது, திருகோணமலை நகருக்குள் நடந்து வரும் நாங்கள்தான் உரக்கச் சிரித்தோம். அவன் காது மடல் சிவந்து நின்றான்.

"எதனுடைய சதவீதம்?" என்றார் மாஸ்ரர். அவன் பேசவில்லை. மூதூரை நகரிலிருந்து பிரிக்கும் கொட்டியாரக் குடா வாடைக்காற்றில் கொந்தளித்து, அவன் வரும் லோஞ்சு (இயந்திரப் படகு) ஓடாத நாட்கள் எத்தனை என்று அவரே கேட்டு, பத்து என்று பதில் வந்ததும், 50ஐ அழித்து 40 என்று எழுதினார். விடை 90 ஆயிற்று. பிறகு என் பக்கம் திரும்பி, "உன்னுடைய 96 சதவீத வரவு உன்னுடையதல்ல, தம்பி, தார் றோட்டினுடையது" என்றார்.

தேர்ச்சி அறிக்கையில் 72தான் பதிவாயிற்று. அதை மாற்றும் அதிகாரம் ஒரு கணித ஆசிரியருக்கு இல்லை என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. அவர் விளையாட்டுக்குச் சொன்னார் என்றே நினைத்தோம். சிரிக்க வைத்த பிறகுதான் நியாயம் சொல்ல வேண்டுமா என்று இன்றைக்கும் எனக்குள் ஒரு கோபம் உண்டு.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபோது, மூதூருக்குத் தரைவழி இலகுவாயிற்று என்று மாஸ்ரர் எனக்கு நீண்ட கடிதம் எழுதினார், எப்போது வருகிறாய் என்ற கேள்வியோடு. நான் அனுப்பியது ஒரு புத்தாண்டு வாழ்த்து அட்டை. பிறர் பணத்தைக் கணக்குப் பார்க்கவே அவர் கற்பித்தது போல வாழ்ந்துவிட்டேன். ஊரில் நின்று அதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கலாம் என்ற எண்ணம் இப்போது பிந்தி வருகிறது.

சங்கத்தின் புலமைப்பரிசில் விண்ணப்பத்தில் 80 சதவீத வரவு கேட்கப்படுகிறது. பிள்ளை வர இயலாதிருந்த நாட்களைக் குறிப்பிட அதில் ஒரு நிரலைச் சேர்க்குமாறு செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறேன்.