மருந்தகத்தில் ஒரு சின்ன அறை

மார்ச் 3

நம் மருந்தகத்திலேயே எச்.ஐ.வி. பரிசோதனை செய்வதென்று முடிவாகிவிட்டது. கதவில் என்ன எழுதுவது என்பதில்தான் பேச்சு இழுத்தது. 'எச்.ஐ.வி. பரிசோதனை' என்று எழுதினால் அந்தப் பக்கமே யாரும் வரமாட்டார்கள் என்றேன். ஒருவர் தலைவலி மாத்திரைக்கு வந்தாரா, வேறெதற்கு வந்தாரா என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. மருந்தகத்தின் வசதியே அதுதானே. ரத்த அழுத்தம் பார்க்கும் அறையே இதற்கும் போதும்.

மார்ச் 6

பயிற்சி. விரலின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். பட்டையில், சோதனை சரியாக நடந்ததைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு விழாவிட்டால் அது நெகட்டிவ் இல்லை, சோதனையே செல்லாது. இதெல்லாம் சீக்கிரம் கைக்கு வந்துவிடும். முடிவுக்காகக் காத்திருக்கும் 15, 20 நிமிடம் எதிரில் இருப்பவரிடம் என்ன பேசுவது? அதற்குத்தான் பயிற்சி போதவில்லை.

மார்ச் 11

கடை காலியாகும்வரை இருமல் மருந்து அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார் ஓர் இளைஞர். ஆணுறை கிழிந்து ஒன்பது நாள் ஆகிறதாம். எங்களிடம் இருப்பது ஆன்டிபாடி, அதாவது வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருள், இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. அது உண்டாக நாளாகும். இன்று நெகட்டிவ் வந்தாலும், ஆணுறை கிழிந்த நாளிலிருந்து 90 நாள் கழித்து மறுபடி பார்த்தால்தான் நம்பலாம். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் பெரும்பாலும் அதே 72 மணிக் கணக்குதான். அதைக் கேட்டு வருகிறவர்களிடம் இதையும் ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

மார்ச் 19

இன்று ஒருவருக்கு இரண்டு கோடு, அதாவது பாசிட்டிவ். "இது முதல் கட்டம்தாங்க, உறுதிப்படுத்த இன்னும் பரிசோதனை இருக்கு" என்றேன். அவர் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "குழந்தைக்கு முத்தம் கொடுக்கலாமா?" என்று கேட்டார். தாராளமாக, முத்தத்தால் பரவாது. எச்.ஐ.வி. உறுதியானாலும் மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாகவும் பரவாது என்றேன். நடுவில் யாரோ ரசீது கேட்டுக் கதவைத் தட்டினார்கள். எரிச்சலாக வந்தது. வெறும் சீட்டு எழுதிக் கொடுத்தால் போகாமலே இருந்துவிடுவார்கள். அதனால் அவர் எதிரிலேயே சிகிச்சை மையத்துக்குப் போன் செய்து நேரம் வாங்கினேன்.

மார்ச் 24

சுயபரிசோதனைக் கருவியை விற்றால் போதாதா என்று கேட்கிறார் உடன் வேலை செய்பவர். உலக சுகாதார நிறுவனம் 2016லேயே பரிந்துரைத்ததுதான், அதையும் வைக்கலாம். ஆனால் இரண்டு கோடு விழும்போது வீட்டில் தனியாக இருப்பவர் கூப்பிட ஓர் எண்ணாவது தரவேண்டும். அப்புறம், அறைக்குள் ஒருவர் இருக்கும்போது கவுண்டரில் இன்னொரு மருந்தாளுநர் கட்டாயம் வேண்டும். நாளை முதலாளியிடம் கேட்கணும்.