மிஸ்டர் பீனுக்கு முன்னும் பின்னும் ரோவன் அட்கின்சன்

ரோவன் அட்கின்சன் என்றதும் பழுப்பு நிறக் கோட்டும் சிவப்பு டையும் எலுமிச்சைப் பச்சை மினி காரும்தான் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருகின்றன. அந்த மிஸ்டர் பீன் பாத்திரம் வாய் திறப்பதே அரிது என்பதால், பேச்சு அவருக்குக் கைவராத கலை என்றுகூடச் சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில், பேச்சின் கூர்மையாலேயே பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் பெயர் பெற்ற ஒருவர், அதன் பிறகு அந்தப் பேச்சையே ஒதுக்கி வைத்துவிட்டுக் களமிறங்கியதுதான் மிஸ்டர் பீன்.

1955 ஜனவரி 6 அன்று இங்கிலாந்தின் டர்ஹம் மாவட்டத்தில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்த அட்கின்சன், நியூகாசிலில் மின் பொறியியல் படித்துவிட்டு, மேற்படிப்புக்காக 1975இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்றார். அங்கே எழுத்தாளர் ரிச்சர்ட் கர்டிஸ் அறிமுகமானார். பொறியியல் பின்னுக்குப் போனது. 1979இல் பிபிசியின் நையாண்டி நிகழ்ச்சி ஒன்றில் தெரியத் தொடங்கிய முகம், 1983இல் தொடங்கிய, பருவத்துக்கு ஒரு வரலாற்றுக் காலத்தில் நடக்கும் 'பிளாக்ஆடர்' நகைச்சுவைத் தொடரில் நிலைபெற்றது. முதல் பருவத்தில் அசடாக வந்த நாயகன், 1986இல் வந்த இரண்டாம் பருவத்தில் நாவில் நஞ்சு தோய்ந்த சூழ்ச்சிக்காரனாக மாறினான். அட்கின்சனின் ஆகச் சிறந்த நடிப்பு அந்தப் பருவத்திலிருந்து முதல் உலகப் போரின் போர்க்களத்தில் முடியும் 1989ஆம் ஆண்டு இறுதிக் காட்சி வரை உள்ளதுதான் என்பேன். பீன் ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. இத்தனைக்கும் அவருக்குத் திக்குவாய் உண்டு. ஆங்கில 'B' ஒலியில் தொடங்கும் சொற்கள் தடுக்கும் என்பதால் அவற்றை அளவுக்கு மீறி அழுத்தி உச்சரிப்பார். அந்த அழுத்தமே பிளாக்ஆடரின் ஏளனத்துக்குத் தனிச் சுவையாகிப் போனது.

1987இல் கனடாவின் மொன்றியல் நகைச்சுவை விழாவுக்கு அழைக்கப்பட்டபோது, தம்மை ஆங்கில நிகழ்ச்சியில் அல்ல, பிரெஞ்சு நிகழ்ச்சியில் சேர்க்கும்படி அவர் கேட்டுக்கொண்டார். தம் மொழி தெரியாதவர்களிடம் உடலசைவு மட்டும் எடுபடுமா என்று பார்த்துவிடும் எண்ணம் அவருக்கு. 1990 ஜனவரி 1 அன்று ஐடிவி என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான மிஸ்டர் பீன் தொடரின் முதல் பகுதியில் அதற்கு விடை கிடைத்தது. கடற்கரையில் நீச்சல் உடைக்கு மாற வேண்டும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கால்சட்டைக்கு மேலேயே நீச்சல் உடையை மாட்டிக்கொண்டு, உள்ளிருக்கும் கால்சட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்கும் வித்தையைப் பீன் அரங்கேற்றுகிறார். எல்லாம் முடிந்த பிறகுதான் அந்த மனிதருக்குக் கண் தெரியாது என்பது தெரியவருகிறது. சிக்கலை வரையறுத்து, கையில் உள்ளதைக் கொண்டு படிப்படியாகத் தீர்க்கும் பொறியாளர் இங்கே ஒளிந்திருப்பதாகவே எனக்குத் தோன்றும். வழிமுறை கச்சிதம், எடுத்துக்கொண்ட சிக்கல்தான் வீண்.

உலகம் முழுவதும் பார்த்துச் சலிக்காத அந்தத் தொடரில் மொத்தம் 15 பகுதிகளே உள்ளன. பிறகு வந்த திரைப்படங்களும் 2002இல் தொடங்கிய அசைபடத் தொடரும் பாத்திரத்தை இன்னும் பரவலாக்கினவே தவிர, கூர்மையாக்கவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில், மாபெரும் இசைக்குழுவின் நடுவே ஒற்றை விரலால் ஒரே கட்டையை அழுத்திக்கொண்டு, சலிப்புத் தாங்காமல் கைபேசியை எடுத்தாரே, அந்தச் சில நிமிடங்களில்தான் பழைய கூர்மை திரும்பியிருந்தது. 2016இல் மைக்ரே என்ற பிரெஞ்சுத் துப்பறிவாளராகச் சிரிப்பே இல்லாத பாத்திரத்திலும் நடித்தார். அடக்கமான, நல்ல நடிப்பு.

2022இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த, ஒரு தேனீயோடு மல்லுக்கட்டும் தொடரில் மறுபடியும் பொருள்கள் உடைகின்றன, வீடு நாசமாகிறது. ஆனால் பீனைப் பார்த்த அளவுக்குச் சிரிக்க முடியவில்லை. அதன் நாயகன் மகள்மீது பாசம் கொண்ட நல்ல மனிதன் என்பதால், அவன் படும் பாட்டைக் கண்டு இரக்கம்தான் வருகிறது. பீனோ தன்னைத் தவிர யாரைப் பற்றியும் கவலைப்படாத சுயநலக்காரர். அவர் மாட்டிக்கொள்ளும்போது நமக்கு மனம் உறுத்துவதே இல்லை.