கேம் டிசைன் படிக்க ஆசையா? பவானிப் பக்கத்திலிருந்து போன ஒருத்தியின் அனுபவம்

கல்லூரி ஜூனியர் பெண்கள் என்னிடம் கேட்பதில் பாதி ஒரே கேள்விதான். "அக்கா, எனக்கு கேம் வெளையாண்டே பழக்கமில்லீங்க. நான் போய் கேம் டிசைன் படிக்க முடியுங்களா?" கோபி, பெருந்துறை, பல்லடம், நாமக்கல் என்று ஊர்தான் மாறும். முடியும். நானே அப்படித்தான். எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் கேம் ஆடியதெல்லாம் பையன்கள். வீட்டுக்கு கம்ப்யூட்டர் வந்தபோதும் அது தம்பியின் கம்ப்யூட்டராகத்தான் வந்தது. இன்ஜினியரிங் படிக்கும்போதுதான் ஒரு கேமை முதலிலிருந்து கடைசி வரை ஆடி முடித்தேன். இப்போது பெங்களூரில் ஒரு ஸ்டுடியோவில் லெவல் டிசைனராக, அதாவது கேமின் ஒவ்வொரு கட்டத்தையும் அமைப்பவளாக, இருக்கிறேன்.

இவ்வளவு உறுதியாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இந்தத் துறையின் ஆரம்பத்தில் இருந்த பெண்கள் யாரும் கேம் ஆடி வளர்ந்தவர்கள் இல்லை. ஆடுவதற்கு அப்போது கேம் எங்கே இருந்தது? மேபல் அடிஸ் நியூயார்க் மாநிலத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். 1964-ல் ஐ.பி.எம். ஆட்களோடு சேர்ந்து 'சுமேரியன் கேம்' என்று ஒன்றை எழுதினார். ஆடும் பிள்ளைதான் ராஜா. விளைந்த தானியத்தில் சாப்பாட்டுக்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு, இருப்பு எவ்வளவு என்று முடிவு செய்ய வேண்டும். வீடியோ கேமுக்குக் கதை எழுதிய முதல் ஆள் என்று இன்று அவரைத்தான் சொல்கிறார்கள். டோனா பெய்லி ஜெனரல் மோட்டார்ஸில் காருக்குள் வைக்கும் மைக்ரோபிராசஸருக்கு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவர். 1980-ல் அட்டாரி என்ற கேம் கம்பெனிக்குப் போனார், அடுத்த வருடம் எட் லாக்குடன் சேர்ந்து அவர் செய்த 'சென்டிபீட்' வெளிவந்தது. ராபர்ட்டா வில்லியம்ஸ் தன் முதல் கேமுக்கு கோடிங் செய்யவில்லை. 1980-ல் வந்த 'மிஸ்டரி ஹவுஸ்' கேமுக்குக் கதையும் படமும் அவர், புரோகிராம் எழுதியது கணவர் கென். அதனால் "கேம் ஆடாதவள்" என்ற பயத்தை இங்கேயே விட்டுவிட்டுத் தேர்வுக்கு வாருங்கள்.

முதுநிலைக்கு முக்கியமாக இரண்டு தேர்வுகள். ஒன்று என்.ஐ.டி. நடத்தும் டிசைன் ஆப்டிட்யூட் தேர்வு. என்.ஐ.டி. என்றதும் எங்கள் ஒறம்பரை எல்லோரும் "திருச்சியா?" என்றார்கள். அது இல்லை. இது தேசிய வடிவமைப்பு நிறுவனம், தலைமையிடம் அகமதாபாத். இதன் பெங்களூர் வளாகத்தில்தான் டிஜிட்டல் கேம் டிசைன் என்று தனியாக எம்.டெஸ். (டிசைனில் முதுநிலைப் பட்டம்) இருக்கிறது. முதலில் பிரிலிம்ஸ், அதில் தேறினால் மெயின்ஸ். வயது வரம்பு உண்டு, அந்தந்த வருடத்துக் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று ஐ.ஐ.டி. பம்பாய் ஜனவரியில் நடத்தும் சி.இ.இ.டி., டிசைன் படிப்புக்கான பொது நுழைவுத் தேர்வு. ஐ.ஐ.டி.களிலும் வேறு சில இடங்களிலும் எம்.டெஸ். சேர இது வேண்டும். கேம் என்று பெயர் போட்ட பிரிவு எல்லா இடத்திலும் இருக்காது, ஆனால் அனிமேஷன், இன்டராக்‌ஷன் டிசைன் படித்து கேம் பக்கம் வந்தவர்கள் நிறையப் பேர். மூன்று வருடப் பட்டப்படிப்பு எதுவாக இருந்தாலும் எழுதலாம். வயது வரம்பு கிடையாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். கல்யாணமாகி, குழந்தை கொஞ்சம் வளர்ந்தபிறகு திரும்பிப் படிக்க நினைக்கும் அக்காக்கள் இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள்.

சி.இ.இ.டி. மொத்தம் 3 மணி நேரம். பகுதி 'ஏ' கம்ப்யூட்டரில் 1 மணி நேரம், பகுதி 'பி' காகிதத்தில் வரைந்தும் எழுதியும் 2 மணி நேரம். 'ஏ'வில் தேறினால்தான் 'பி' கணக்கில் வரும். ஆனால் இறுதி மதிப்பெண்ணில் 'ஏ'வுக்கு 25 சதவீதம், 'பி'க்கு 75 சதவீதம். நம் இன்ஜினியரிங் பெண்கள் செய்வது நேர் எதிர்: கணக்கும் லாஜிக்கும் கைவந்தது என்பதால் 'ஏ'வையே போட்டுத் தேய்ப்பார்கள், வரைவதைத் தள்ளிப்போடுவார்கள். பழைய வினாத்தாள்கள் தேர்வின் அதிகாரபூர்வத் தளத்திலேயே இருக்கின்றன. அவற்றை நேரம் வைத்துப் போட்டுப் பார்த்தால் 'ஏ' சரியாகிவிடும். எண்ணை நாமே டைப் செய்யும் கேள்விகளுக்கு மைனஸ் மார்க் இல்லை, அவற்றில் எதையும் காலியாக விடாதீர்கள். கோச்சிங் போவது உங்கள் இஷ்டம். என் கருத்தில், அந்தக் காசுக்கு ஒரு கட்டு ஏ4 தாளும் நல்ல பென்சில்களும் வாங்கிப்போட்டு, மிச்சத்தை பேங்கில் வைக்கலாம்.

வரைவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். அழகான ஓவியம் யாருக்கும் வேண்டாம். பார்த்தது தாளில் இருக்கிறதா, பார்க்கும் இடம் மாறினால் படமும் சரியாக மாறுகிறதா, இதுதான் விஷயம். ஒரே காட்சியை வேறு வேறு இடத்திலிருந்து வரைந்து பழகுங்கள். ஈரோடு பஸ் ஸ்டாண்டை டிரைவர் சீட்டிலிருந்து ஒன்று, அம்மாவின் இடுப்பில் இருக்கும் குழந்தையின் கண்ணிலிருந்து ஒன்று. எங்கள் வீட்டிலேயே தறி ஓடுவதால் நான் எடுத்துக்கொண்டது தறிக்கூடம். தறிக்கு முன்னால் நிற்பவர் பார்ப்பது, அப்புறம் மேலே சுவரில் இருக்கும் பல்லி பார்ப்பது. பல்லி படத்தில் எனக்கு ரொம்பப் பெருமை. அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நாடா குறுக்க போறப்ப பாவு மேல கீழன்னு ரெண்டாப் பிரிஞ்சிருக்கோணும்மிணி. நீ ஒண்ணா வரஞ்சிருக்கறே. இதுல நாடா எந்தச் சந்துல போகும்?" என்றார். பாவு என்பது நீளவாக்கு இழைகள், நாடா என்பது குறுக்கு இழையான ஊடையைக் கொண்டுபோகும் கட்டை. அன்றைக்கு அவர் தறியை நிறுத்தி, கையால் மெதுவாகச் சுற்றிக் காட்டினார். பாவு பிரிவது, நாடா பாய்வது, ஊடை இழை உள்ளே போய் நெருங்குவது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சின்னப் படம் போட்டேன். எது எப்படி இயங்குகிறது என்று கட்டம் கட்டமாக வரைந்து காட்டும் பழக்கம் தேர்விலும் உதவியது, இன்றைக்கு வேலையிலும் உதவுகிறது. உங்கள் வீட்டில் தறி இல்லாவிட்டால் பட்டறை இருக்கும், மோட்டார் ரூம் இருக்கும், மாவு மில் இருக்கும். கொங்கு நாட்டில் இயங்குகிற பொருளுக்கா பஞ்சம்?

போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது நாம் செய்ததைக் காட்டும் தொகுப்புக்கு, கம்ப்யூட்டரே வேண்டாம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். என் போர்ட்ஃபோலியோவில் அதிகம் கேள்வி வாங்கியது ஆடுபுலி ஆட்டம். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. புலி தாண்டி வெட்டலாம், ஆடு சுற்றி அடைத்துத்தான் ஜெயிக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் பலம் வேறு, நோக்கம் வேறு, ஆனாலும் ஆட்டம் சமமாக நிற்கிறது. ஏன்? அதைக் கண்டுபிடிக்கத்தான் அட்டையில் கோடு போட்டு, புளியங்கொட்டையும் சோளமும் வைத்து ஆத்தாவோடு ஆடினேன். ஆட்டைக் குறைத்தால் புலி பக்கம் சாய்ந்துவிடும். சரி என்று ஒரு கோட்டை அழித்து, புலி போகும் வழியைக் குறைத்தேன். ஆடு பக்கம் ஆடிய ஆத்தா ஓரத்தில் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு என்னை நகரவே விடவில்லை. "நீ அழிச்ச கோடுதான் கண்ணு எனக்கு வேலி" என்றது. எந்த விதியை மாற்றினேன், என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது, அடுத்து எதை மாற்றினேன் என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தேதி போட்டு எழுதி வைத்தேன். இன்டர்வியூவில் அந்த நோட்டைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பளபளப்பான படங்களை இரண்டு நிமிடத்தில் தள்ளிவிட்டார்கள்.

கம்ப்யூட்டரில் செய்ய ஆசைப்பட்டால் கோடோ என்ற என்ஜினில் (கேம் செய்ய உதவும் மென்பொருள்) ஆரம்பியுங்கள். இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். வேலைக்குப் போகும்போது யூனிட்டி என்ஜினும் சி ஷார்ப் புரோகிராம் மொழியும் கேட்பார்கள், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அன்ரியல் என்ற என்ஜின் கனமானது, முதலில் அதைத் தொட்டு லேப்டாப்பைத் திட்டாதீர்கள். ஐந்து நிமிடத்தில் ஆடி முடிக்கிற ஒரு கேம், முழுசாக, கேம்களை வெளியிடும் இட்ச் தளத்தில் போட்டு யாராவது ஆடியதாக இருந்தால் போதும். பாதியில் நிற்கும் பெரிய கேம் எதற்கும் உதவாது. கிம் ஸ்விஃப்ட் தெரியுமா? டிஜிபென் கல்லூரியில் அவரும் நண்பர்களும் சேர்ந்து செய்த சின்ன மாணவர் புராஜெக்ட் 'நார்பாகுலர் டிராப்', 2005. அதைப் பார்த்துத்தான் வால்வ் கம்பெனி அந்தக் குழுவையே வேலைக்கு எடுத்தது. அதிலிருந்து 2007-ல் வந்தது 'போர்ட்டல்'.

இன்டர்வியூவுக்குப் போகும் முன் ஒரு பழைய கேமையாவது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று படித்துவிட்டுப் போங்கள். எனக்கு கரோல் ஷா கை கொடுத்தார். 1982-ல் அவர் செய்த 'ரிவர் ரெய்டு' கேமுக்குக் கேட்ரிட்ஜில் (கேமைப் பதிந்து விற்ற செருகு பெட்டி) இருந்த இடம் 4 கிலோபைட்தான். ஒரு வாட்ஸாப் ஸ்டிக்கர்கூட அதற்குள் அடங்காது. நீண்டுகொண்டே போகும் ஆற்றைப் படமாகச் சேமிக்க வழியில்லை. அதனால் ஒரு கணக்குச் சூத்திரத்தைக் கொண்டு கரைகளை ஓட ஓட உருவாக்கினார், ஒவ்வொரு தடவையும் அதே ஆறு வருகிற மாதிரி. "உனக்குப் பிடித்த டிசைன் முடிவு எது?" என்று கேட்டபோது இதைத்தான் தாளில் வரைந்து விளக்கினேன். நல்ல கிராஃபிக்ஸ், நல்ல கதை என்று பொதுவாகப் பேசியிருந்தால் அடுத்த கேள்வியிலேயே மாட்டியிருப்பேன்.

வீட்டு விஷயம். அத்தை கேட்டது: "மாப்ள வூட்டுல என்ன வேலைன்னு கேட்டா என்னத்தச் சொல்றது?" அப்பாவிடம் இரண்டு பேரைக் காட்டினேன். பூர்ணிமா சீதாராமன், 'விமன் இன் கேம்ஸ்' அமைப்பின் ஹால் ஆஃப் ஃபேமில் 2020-ல் இடம்பெற்ற முதல் இந்தியர். ஸ்ருதி கோஷ், அதே வருடம் வெளிவந்த 'ராஜி' கேமைச் செய்த புனே கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அப்பா பேப்பர் படிப்பவர், அதனால் அடங்கினார். அம்மாவுக்கு அதெல்லாம் ஏறவில்லை. நான் படித்துக்கொண்டிருக்கும்போது, 2023-ல், டொரான்டோவிலிருந்து 'வெண்பா' வந்தது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம், சமையல்தான் கேம். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதே அதில் ஒரு புதிர். லீவில் வந்தபோது அம்மா கையில் கொடுத்தேன். நான் யோசித்த இடத்தில் அம்மா யோசிக்கவே இல்லை. அந்த கேம் அடுத்த வருடம் பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியபோது அத்தைக்கு போன் போட்டுச் சொன்னது அம்மாதான்.

வேலை என்றால் கோடிங், டிராயிங் இரண்டு மட்டும் இல்லை. லெவல் டிசைன், கதை, சவுண்ட், டெஸ்டிங், புரொடியூசர், மொழியாக்கம், டேட்டா என்று கிளை நிறைய. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' இசையில் பெரும்பகுதி யோகோ ஷிமோமுரா போட்டது. தமிழ் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் கதை, மொழியாக்கம் பக்கம் யோசிக்கலாம்.

இந்தத் துறை பெண்களை எல்லா இடத்திலும் நன்றாக நடத்துகிறது என்று பொய் சொல்லமாட்டேன். ரயட் கேம்ஸ் கம்பெனியின் பெண் ஊழியர்கள் பாலினப் பாகுபாடு என்று 2018-ல் வழக்குப் போட்டு, 2021 டிசம்பரில் அந்தக் கம்பெனி 10 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதனால் ஆஃபர் லெட்டர் வந்ததும் சந்தோஷத்தில் கையெழுத்துப் போடாமல் சிலதைக் கேளுங்கள். ரிலீஸ் நேரத்தில் ராத்திரி வேலை உண்டா, வீட்டுக்கு வண்டி யார் பொறுப்பு? உள் புகார்க் குழுவில் யார் யார்? வேலையிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் அந்தக் குழு இருக்க வேண்டும். இன்டர்ன்ஷிப் போகும் மாணவிக்கும் அது பொருந்தும். புகாரை, சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக கிரெடிட்ஸ், அதாவது கேமைச் செய்தவர்களின் பெயர்ப் பட்டியல். அட்டாரி தன் டிசைனர்களின் பெயரை வெளியே போடவில்லை. அந்தக் கடுப்பில் வெளியேறியவர்கள் 1979-ல் ஆக்டிவிஷன் ஆரம்பித்தார்கள், அங்கே செய்ததால்தான் 'ரிவர் ரெய்டு' கரோல் ஷாவின் பெயரோடு வந்தது. இன்றும் கேம் வெளிவரும் முன்பே வேலையை விட்டவர்களின் பெயர் விட்டுப்போவது சகஜம். ராஜினாமா மெயில் அனுப்பும் நாளிலேயே, எந்தப் புராஜெக்டில் எந்தப் பொறுப்பில் உங்கள் பெயர் வரும் என்று இன்னொரு மெயிலில் கேட்டு, பதிலை உங்கள் சொந்த ஐ.டி.க்கும் அனுப்பச் சொல்லுங்கள். வேலையை விட்டதும் ஆபீஸ் மெயில் மூடிவிடும்.