பச்சை காட்டிய ஆர்டர்

மருந்தாளுநராக நான் சரிபார்த்த அந்த மருந்து ஆர்டருக்கு எச்சரிக்கை எதுவும் வரவில்லை. கணுக்கால் எலும்பு முறிவு, வலிக்கு டைக்ளோஃபெனாக் 50 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. சேர்க்கையின்போது எழுதிய பட்டியலில் ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் மட்டும். இந்த இரண்டையும் வைத்துப் பார்த்த எங்கள் மென்பொருள் பச்சை காட்டியது. பட்டியலில் உள்ளதை வைத்துத்தானே அது சொல்லும்.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் லேசாகக் கூடியிருந்தது. பழைய அளவு என்ன என்று பார்க்கத்தான் எல்லா மருத்துவமனைகளுக்கும் பொதுவான பகிர்வுப் பதிவைத் திறந்தேன். கிரியேட்டினினுக்குக் கீழே 'சீரம் லித்தியம்' என்று ஒரு வரி இருந்தது, அதாவது ரத்தத்தில் லித்தியத்தின் அளவு. மனநிலை ஏற்றத்தாழ்வு நோய்க்குக் கொடுக்கும் மருந்து அது. மருந்து வழங்கிய பக்கத்துக்குப் போனால் லித்தியம் கார்பனேட் 400 மில்லிகிராம், காலையும் இரவும், வருடக்கணக்கில், மாதம் தவறாமல். (ஆளை அடையாளம் காண உதவும் விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

லித்தியத்தைச் சிறுநீரகம் கிட்டத்தட்ட சோடியத்தைப் போலவே நடத்தும். உடம்பில் நீரோ உப்போ குறைந்தால் சோடியத்தைப் பிடித்து வைக்கும்; கூடவே லித்தியத்தையும் பிடித்து வைக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் லித்தியம் வெளியேறுவதை இன்னும் குறைக்கும். நீண்ட நாள் சாப்பிடுபவர்களுக்கு ரத்தத்தில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கலாம். 1.5-ஐத் தாண்டினால் கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம், குழப்பம் என்று போகும். பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவே அவ்வளவுதான் இடம்.

இங்கேதான் எனக்கு இரண்டு வழி இருந்தது. டாக்டரைக் கூப்பிட்டு, "கிரியேட்டினின் கூடியிருக்கு, டைக்ளோஃபெனாக் வேண்டாம், பாராசிட்டமால் போடலாமா?" என்று கேட்டிருக்கலாம். அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆர்டர் மாறியிருக்கும், லித்தியம் என்ற பெயரே வெளியே வந்திருக்காது. ஆனால் வழங்கிய மாத்திரையை நோயாளி சாப்பிடுகிறாரா என்பது பதிவில் தெரியாது. சாப்பிடுபவர் என்றால் வார்டில் அதை எழுதவே இல்லை, திடீரென்று நின்றுபோனால் அதற்கு வேறு விளைவு. அறுவை சிகிச்சைக்கு முன்னால் மயக்க மருந்து கொடுப்பவருக்கும் தெரிய வேண்டிய மருந்து அது. எனவே டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். "சரி, இப்பவே நிறுத்திடறேன். நீங்க அவங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றார். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். பக்கத்தில் மருமகள். கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும் என்று சொன்னதும் மருமகள் எழுந்து போனார், வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை.

"உங்களுக்கு யாரும்மா சொன்னா?"

"உங்க பதிவுல இருக்கும்மா."

"நான் இங்க யார்கிட்டயும் சொல்லலையே."

அப்புறம் கைப்பையைத் திறந்து ஒரு பழைய வைட்டமின் டப்பாவைக் காட்டினார். மாத்திரைகளைப் பட்டையிலிருந்து பிரித்து, பெயர் தெரியாமல் அதில் போட்டு வைத்திருந்தார். வார்டில் சேர்ந்ததிலிருந்து ஒரு வேளையும் தவறவிடாமல் தானே போட்டுக்கொண்டிருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் ஆரம்பித்த நோய். கணவருக்குத் தெரியும், அவர் இப்போது இல்லை. மகனுக்கே தெரியாது.

"அதை அதுலேருந்து எடுத்துட முடியுமா?"

இந்தக் கேள்விதான் என்னை விடவில்லை. எடுக்க முடியும் என்பது உண்மை. எங்கள் பதிவில், நோயாளி கேட்டால் குறிப்பிட்ட பகுதியை மற்ற மருத்துவமனைகளுக்குத் தெரியாமல் மறைக்கலாம். மறைத்த இடத்தில் மறைத்த தடயமும் தெரியாது. பார்ப்பவருக்கு அம்லோடிபின் மட்டும் இருக்கும் ஒரு சுத்தமான பட்டியல்தான். மறைத்தால் என்ன ஆகும் என்று சொன்னேன். இன்றைக்கு நான் பார்த்ததை அடுத்த முறை யாரும் பார்க்க மாட்டார்கள் என்றேன்.

"பார்க்காம இருந்திருந்தா எனக்கு என்ன ஆகியிருக்கும்?"

விஷமாகிப் போயிருக்கலாம் என்று சொல்லி நிறுத்தியிருந்தால் அவர் பதிவை அப்படியே விட்டிருப்பார். அது எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு மூன்று நாள் வலி மாத்திரையில் ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம் என்பதும் உண்மைதான். இரண்டையும் சொன்னேன். "அப்ப ஒண்ணும் ஆகாமயும் போயிருக்கலாம்" என்று அவர் திருப்பிச் சொன்னார். மறைக்கவே முடிவு செய்தார். அதற்கான படிவத்தையும் நானே கொண்டுவந்து கொடுத்தேன்.

மறுநாள் எடுத்த ரத்தத்தில் லித்தியம் 0.8. அறுவை சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது.

பதிவு அவருடையது, உயிர் அவருடையது, எதை யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் அவர் முடிவு. இதை இப்போதும் நம்புகிறேன். ஒருவரைப் பயமுறுத்தி வாங்கும் சம்மதம் சம்மதமே இல்லை. ஆனால் நான் மருந்தாளுநர். அடுத்த முறை மயங்கிய நிலையில் வேறெங்கோ கொண்டுவரப்பட்டால், அங்கே என்னைப் போல ஒருவர் பதிவைத் திறந்து, ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக ஆர்டரை விடுவார். அந்த நிம்மதியை உண்டாக்கியதில் எனக்கும் பங்கு இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் ஒருவர், "நாலு நாள் கழிச்சு முடிவு பண்ணுங்கன்னு சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அதுவும் அவர் மனம் மாறட்டும் என்று காத்திருப்பது போலத்தானே?

வேறு வழிகளையும் பேசிப் பார்த்தோம். பர்ஸில் ஒரு அட்டை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "பர்ஸை எடுத்துக் கொடுக்கறதே மருமகதான்" என்றார். கடைசியில் அவர் சம்மதத்தோடு, எல்லோரும் பார்க்கும் பகுதியில் ஒரு குறிப்பு சேர்த்தேன்: டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகளைத் தவிர்க்கவும். காரணம் எழுதவில்லை.

அன்றைக்கு அது நல்ல ஏற்பாடாகத் தெரிந்தது. இப்போது அதில்தான் ஓட்டைகள் தெரிகின்றன. காரணம் இல்லாத எச்சரிக்கையை வேலை நெருக்கடியில் எவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட்டுப் போவோம் என்பது தினமும் அவற்றைப் பார்க்கும் எனக்குத் தெரியாதா? காரணம் எழுதாவிட்டாலும், விவரம் தெரிந்த ஒருவர் ஊகித்துவிடவும் கூடும்.

அதைவிடப் பெரிய கவலை அவருடைய ரத்த அழுத்தம். அம்லோடிபின் போதாமல் போனால் ஒரு தயசைடு நீர் மாத்திரையையோ எனலாப்ரில் வகை மாத்திரையையோ சேர்ப்பது மிகச் சாதாரணம். இரண்டுமே லித்தியத்தை ஏற்றிவிடும், அதிலும் தயசைடு நன்றாகவே ஏற்றும். அவற்றையும் தவிர்க்கவும் என்று எழுதியிருந்தால், அந்தப் பட்டியலே லித்தியம் என்று சொல்லிவிடும். அதனால் எழுதவில்லை. எந்தப் புது மாத்திரை கொடுத்தாலும், போடுவதற்கு முன்னால் உங்கள் மனநல மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று வாயால்தான் சொல்லி அனுப்பினேன். கேட்பார் என்றுதான் நினைக்கிறேன். ஒரு வேளை கூடத் தவறவிடாதவர்.