காதலர் தினத்துக்கு ஒரு சாக்லேட் கேக்: ஸ்ட்ராபெரித் தண்ணீரோடு மல்லுக்கட்டு

பொங்கல் முடிந்த கையோடு கோவைப் பழக்கடைகளில் ஸ்ட்ராபெரி டப்பாக்களை அடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் மகாபலேஷ்வர், பஞ்ச்கனி சரக்கு. 2010இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். நீலகிரியிலிருந்து இறங்குவதும் உண்டு. எனக்குக் கிடைத்த நீலகிரிப் பழம் அளவில் சின்னது, புளிப்பு கொஞ்சம் தூக்கல், ஆனால் டப்பாவைத் திறந்ததும் சமையலறை மணத்தது. எந்த ஊர்ப் பழமாக இருந்தாலும் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மேல் வரிசையில் மாப்பிள்ளை, அடி வரிசையில் நசுங்கிய சொந்தக்காரர்கள்.

காதலர் தினத்துக்கு வீட்டிலேயே கேக் செய்வது என்று முடிவானபோது மனைவியிடம் எப்படி வேண்டும் என்று கேட்டேன். அவளுக்கு இனிப்பு அவ்வளவாக ஆகாது, கறுப்பு சாக்லேட்தான் பிடிக்கும். "பேக்கரி கேக்குல பழம் மேலாப்பல சும்மா உக்காந்துட்டு இருக்குதுங்க. உள்ளாற வெறும் கிரீமுதான்" என்றாள். ஆக வேலை தெளிவாகிவிட்டது. கேக் நல்ல கனமாக, கசப்பும் இனிப்பும் சேர்ந்து இருக்கவேண்டும். பழம் உள்ளே இருக்கவேண்டும், அலங்காரமாக அல்ல.

முதலில் எல்லோரும் செய்வதையே செய்து பார்த்தேன். பழத்தை நறுக்கி, மைதாவில் புரட்டி, மாவில் கலந்து ஓவனில் வைத்தது. மேலே நன்றாக உப்பி வந்தது. வெட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஒவ்வொரு பழத் துண்டைச் சுற்றியும் மாவு வேகாமல் ஈரமாக நின்றது, பழத்தின் சிவப்பு போய் ஒரு மாதிரி சாம்பல் ஊதா. மனைவி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கேட்டாள்: "இது கேக்குங்களா, களிங்களா?"

காரணம் எளிது. ஸ்ட்ராபெரியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். சூட்டில் பழத்தின் திசு உடைந்ததும் அந்தத் தண்ணீர் பக்கத்திலிருக்கும் மாவில் இறங்குகிறது. எவ்வளவு நேரம் வைத்தாலும் அந்த இடம் மட்டும் வேகாது, அதற்குள் ஓரம் காய்ந்துவிடும். நிறத்துக்குக் காரணம் வேறு. பழத்தின் சிவப்பைத் தருவது ஆந்தோசயனின். அது புளிப்பில் சிவப்பாக இருக்கும், புளிப்புக்கு எதிரான காரத்தன்மை ஏற ஏற நீலத்தை நோக்கி நகரும். சாக்லேட் கேக்கில் சமையல் சோடா தாராளமாக விழுவதால் பழம் அங்கே நிறம் மாறுகிறது. மைதாவில் புரட்டினால் பழம் அடியில் தங்காது என்பார்கள். ஓரளவுக்கு உண்மை. ஆனால் தண்ணீரை மைதாவால் தடுக்க முடியாது.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் பழத்தை ஒதுக்கிவைத்துவிட்டு கேக்கை மட்டும் சரிசெய்தேன். இதில் கவனிக்கவேண்டியது கோகோ பவுடர். கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று இயற்கையான கோகோ, வெளிர் பழுப்பு, லேசான புளிப்பு உண்டு. இன்னொன்று சோடா மாதிரியான காரப்பொருள் சேர்த்துப் பக்குவப்படுத்தியது, டச்சு முறை என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெதர்லாந்துக்காரர் வான் ஹூட்டன் கொண்டுவந்த வழி. நிறம் கறுப்புக்குப் பக்கத்தில் இருக்கும், புளிப்பு போய் சுவை மென்மையாகிவிடும். சோடா பொங்குவதற்கு மாவில் ஏதாவது புளிப்பு வேண்டும். டச்சு கோகோ அதைத் தராது. அதனால் மோர் சேர்த்தேன். நம் வீட்டில் மோருக்கா பஞ்சம்?

கோகோவை வெறுமனே மாவோடு சலிப்பதைவிட, கொதிக்கும் திரவத்தில் முதலில் குழைத்தால் மணம் நன்றாக எழும்பும். வெளிநாட்டுக் குறிப்புகளில் இன்ஸ்டன்ட் காபி போடச் சொல்கிறார்கள். பில்டரில் டிகாக்‌ஷன் இருக்கும்போது அது எதற்கு? நாங்கள் வாங்கும் பொடியில் சிக்கரி கலந்திருக்கும். அதில் செய்தபோது கேக்கில் ஒரு கருகிய கசப்பு பின்னால் நின்றது. சிக்கரி இல்லாத பீபெரி (ஒற்றை மணிக் காபிக்கொட்டை) பொடியில் இரண்டாம் டிகாக்‌ஷன் இறக்கி ஊற்றியதும் காபி வாசனையே தெரியவில்லை, சாக்லேட் மட்டும் இன்னும் ஆழமாகத் தெரிந்தது.

நான் நின்ற அளவு இது. 7 அங்குல வட்டத் தட்டுக்கு மைதா 120 கிராம், கோகோ 40, சர்க்கரை 180, முட்டை 2, எண்ணெய் 75 மில்லி, மோர் 100 மில்லி, சூடான டிகாக்‌ஷன் 80 மில்லி, சோடா முக்கால் டீஸ்பூன், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகைக்குக் கொஞ்சம் மேலே. ஓடிஜியில் (சின்ன மின்சார ஓவன்) 165 டிகிரி, 40 நிமிடத்துக்குப் பக்கம். குச்சி குத்திப் பார்த்து ஓரிரு துணுக்கு ஒட்டினால் எடுத்துவிடலாம். வெண்ணெய் போடாமல் எண்ணெய் போடுவதற்குக் காரணம் ஃபிரிட்ஜ்தான். வெண்ணெய் கேக் குளிரில் இறுகிவிடும், எண்ணெய் கேக் மெத்தென்றே இருக்கும். கப் கணக்கை விட்டுவிட்டு ஒரு சமையலறைத் தராசு வாங்கியது இந்த விஷயத்தில் நான் செய்த நல்ல செலவு.

கேக் கைக்கு வந்துவிட்டது. மறுபடி பழம்.

நடுவில் வேறு பழங்களையும் யோசித்தேன். கமலா ஆரஞ்சும் கறுப்பு சாக்லேட்டும் அருமையான ஜோடி. ஆனால் அதில் வேலை செய்வது சுளை அல்ல, தோல். தோலின் ஆரஞ்சுப் பகுதியை மட்டும் சீவி சர்க்கரையோடு கசக்கினாலே போதும். பழமாகக் கடிக்கக் கிடைக்காது என்பதால் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. அன்னாசியைப் பச்சையாக கிரீமோடு சேர்த்தால், அதிலுள்ள நொதி பால் புரதத்தை உடைத்துக் கொஞ்ச நேரத்தில் கசக்கவைத்துவிடும். வேகவைத்தால் பிரச்சினை இல்லை. செர்ரி போடலாம் என்றால், நம் ஊர் பேக்கரிகளில் செர்ரி என்று சிவப்பாக உட்கார்ந்திருப்பது பல நேரம் செர்ரியே அல்ல. களாக்காயைப் பாகில் ஊறவைத்துச் சாயம் ஏற்றியது. களாக்காய்மேல் எனக்குக் கோபம் இல்லை, ஊறுகாயாகப் போட்டால் இரண்டு தோசை கூடுதலாக உள்ளே போகும். சாக்லேட்டோடு வேண்டாம்.

ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்தது. பழம் சேரும் பேர்போன சாக்லேட் கேக்குகளில் பழம் எந்த நிலையில் இருக்கிறது? வியன்னாவின் சாக்கர்டோர்ட்டேயை எடுத்துக்கொள்ளுங்கள். 1832இல் பதினாறு வயது ஃபிரான்ஸ் சாக்கர் செய்தது என்பது கதை. அதில் பழம் ஆப்ரிகாட் ஜாமாகத்தான் வருகிறது, சாக்லேட் பூச்சுக்கு அடியில். ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட்டில் புளிப்புச் செர்ரியை அதன் சாற்றோடு காய்ச்சிக் கெட்டியாக்கி, செர்ரியிலிருந்து வடித்த கிர்ஷ் என்கிற சாராயத்தோடு சேர்க்கிறார்கள். இரண்டிலுமே பழத்தின் தண்ணீருக்கு வெளியே ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் கேக்குக்குள் அனுப்புகிறார்கள்.

சரி, ஸ்ட்ராபெரியையும் அப்படிச் செய்யவேண்டியதுதான். முதலில் அடுப்பில் ஜாம் மாதிரி காய்ச்சினேன். தண்ணீர் போனது, ஆனால் பழத்தின் உருவமும் போய்விட்டது. அதோடு புதுப்பழ வாசனை போய் மிட்டாய் வாசனை வந்துவிட்டது. கரண்டி போட்டுக் கிளறக் கிளறப் பழம் குழையத்தான் செய்யும்.

ஓவனில் சுட்டெடுத்ததுதான் இந்த முயற்சியிலேயே எனக்குப் பிடித்த பகுதி. 400 கிராம் பழம், காம்பு நீக்கி, பெரியதாக இருந்தால் மட்டும் இரண்டாக வெட்டி, 60 கிராம் சர்க்கரையும் அரை மூடி எலுமிச்சைச் சாறும் சேர்த்து அரை மணி நேரம் வைத்துவிட வேண்டும். சர்க்கரை பழத்திலிருந்து சாற்றை இழுத்து வெளியே கொண்டுவந்துவிடும். பிறகு ஒரே அடுக்காகத் தட்டில் பரப்பி 150 டிகிரியில் முக்கால் மணி நேரம். நடுவில் கிளறக்கூடாது, தட்டை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும். பழம் சுருங்கி, உருவம் கலையாமல், அடர் சிவப்பில் பளபளவென்று இருக்கும். எலுமிச்சை இரண்டு வேலை செய்கிறது. நிறத்தைப் பிடித்துவைக்கிறது, ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின் பழத்தில் கொஞ்சநஞ்சம் இருக்கிறதே, அதை இறுகவைக்கிறது. ஒரு கடி கடித்தால் புதுப்பழத்தைவிட ஸ்ட்ராபெரி சுவை இரண்டு மடங்கு தெரிகிறது. இந்தப் பழத்தைத் தயிரில் போட்டுச் சாப்பிட்டே மகள் பாதியைத் தீர்த்துவிட்டாள்.

தட்டில் தங்கிய சாறு வேறு இருக்கிறது. நல்ல சிவப்புப் பாகு. அதை வடித்து எடுத்துவைத்தேன், கேக் அடுக்குகளை நனைக்க அதைவிட நல்லது எது? மாவில் கலந்தால் தொல்லை கொடுத்த அதே தண்ணீர், வெந்த கேக்கின்மேல் தூரிகையால் தடவும்போது ஈரப்பதமாகப் பயன்பட்டது.

அடுத்தது கனாஷ், அதாவது சாக்லேட்டில் சூடான கிரீமைக் கலந்து செய்யும் பூச்சு. இங்கே காசு செலவழியும். காம்பவுண்ட் சாக்லேட்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். உருக்குவது சுலபம், விலையும் குறைவு, ஆனால் நாக்கில் மெழுகு படிந்தது போல நிற்கும். உறையின் பின்பக்கத்தைப் படித்தால் தெரிந்துவிடும். நான் 55 சதவீத அசல் சாக்லேட்டோடு, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளையும் கோகோவில் செய்த 70 சதவீதம் கொஞ்சம் கலந்தேன். நம் பக்கத்துக் கோகோ என்ற பாசம் ஒருபுறம் இருக்கட்டும், அதில் இயல்பாகவே ஒரு பழப் புளிப்பு இருந்தது. ஸ்ட்ராபெரியோடு அது கச்சிதமாகச் சேர்ந்தது.

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் டப்பா ஃபிரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம். அடித்தால் நுரைத்து நிற்காது, ஆனால் கனாஷுக்கு அதுவே போதும். கொழுப்பு குறைவு என்பதால் சரிக்குச் சரி எடுக்காமல் 250 கிராம் சாக்லேட்டுக்கு 200 கிராம் கிரீம் எடுத்தேன். கிரீமை ஓரத்தில் குமிழி வரும்வரை சூடாக்கி, பொடியாக நறுக்கிய சாக்லேட்டின்மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து சின்ன வட்டமாகக் கலக்கி வெளியே வரவேண்டும்.

70 சதவீதத்தின் பங்கை ஒருமுறை கூட்டிப் பார்த்தபோது கனாஷ் பிரிந்து, ஓரத்தில் எண்ணெய் மிதந்தது. கோகோ கூடக் கொழுப்பும் கூடுகிறது, அதைத் தாங்கிப் பிடிக்கத் தண்ணீர் போதவில்லை. வெதுவெதுப்பான பாலை ஒவ்வொரு ஸ்பூனாக ஊற்றிக் கலக்கினால் திரும்பச் சேர்ந்து மினுமினுக்கும். இத்தனை நாளாக விரட்டிக்கொண்டிருந்த தண்ணீரை இங்கே நானே கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

பிப்ரவரி 13ஆம் தேதி காலையிலேயே கேக்கைச் சுட்டு ஆறவைத்து, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். குளிர்ந்த கேக்கைத்தான் சுத்தமாக அடுக்கு பிரிக்க முடியும். சாயங்காலம் பல் வைத்த ரொட்டிக் கத்தியால் மூன்று அடுக்காக அறுத்தேன். ஒவ்வொன்றுக்கும் பாகு தடவி, ஓரத்தைச் சுற்றி இறுகிய கனாஷால் ஒரு வரப்பு கட்டி, நடுவில் சுட்ட பழத்தை நிரப்பினேன். வரப்பு இல்லாவிட்டால் மேலடுக்கை வைத்து அமுக்கியதும் பழம் பக்கவாட்டில் எட்டிப்பார்க்கும். மேலே ஊற்றும் கனாஷ் தொட்டால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. அந்தப் பதத்தில் ஊற்றினால் தானாகவே வழிந்து சமமாகிவிடும், கத்தியால் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மேலே வைக்கும் புதுப்பழத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு சட்டமே போட்டாயிற்று. கழுவித் துணியில் ஒற்றி நன்றாக உலரவிட வேண்டும், முழுதாக வைக்க வேண்டும், வெட்டுவதற்குச் சற்று முன்னால்தான் வைக்க வேண்டும். நறுக்கி முதல் நாளே வைத்தால் கனாஷின்மேல் சிவப்புத் தண்ணீர் வழிந்து நிற்கும்.

14ஆம் தேதி இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் வெட்டினோம். கறுப்பு, சிவப்பு, கறுப்பு என்று கோடு கலையாமல் நின்றது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டாள். பிறகு, "மேல வெச்ச பழத்தைவிட உள்ளாற இருக்கறதுதாங்க பழமாட்டம் இருக்குது" என்றாள். அம்மா சாப்பிட்டுவிட்டு, "சக்கரை போட மறந்துட்டயா கண்ணு?" என்று கேட்டார். அவருக்கு மட்டும் அந்தச் சிவப்புப் பாகை மேலே ஊற்றிக் கொடுத்தேன். சமாதானமாகிவிட்டார்.

செய்து பார்க்கிறவர்களுக்கு ஒன்று. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே வெட்டாதீர்கள், ஒரு மணி நேரம் வெளியே இருக்கட்டும். குளிரில் கனாஷ் கட்டியாக இருந்தால் சாக்லேட்டின் சுவை பாதிதான் தெரியும். அதோடு இந்தக் கேக் இரண்டாம் நாள்தான் இன்னும் நன்றாக இருக்கிறது. பாகு எல்லா இடத்துக்கும் சீராகப் பரவிவிடுகிறது. ஆகவே பிப்ரவரி 12ஆம் தேதியே சுட்டுவைத்தாலும் தப்பில்லை.

ஸ்ட்ராபெரி மார்ச் வரைக்கும்தான். மகள் தன் பிறந்தநாளுக்கு வெள்ளைச் சாக்லேட்டில் கேட்டிருக்கிறாள். அதில் கோகோவின் கசப்பே கிடையாது, முழுக்க இனிப்பு. அந்த இனிப்பை ஈடுகட்ட ஸ்ட்ராபெரியைவிடப் புளிப்பான பழம் வேண்டும். கொடைக்கானல் பாஷன் ஃப்ரூட்டின் சாற்றை விதையோடு காய்ச்சிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.