ஜான் பீலுக்கு ஓர் அக்டோபர் இரவு

அக்டோபர் வந்துவிட்டால், தீபாவளி வேலைகளுக்கு நடுவே ஒரு சனிக்கிழமை இரவை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். அன்று சிங்கப்பூரில் எங்கள் தோ பாயோ வீட்டில் முறுக்கு சுடுவது கிடையாது, திரைச்சீலை துவைப்பது கிடையாது. பாட்டு மட்டும்தான். வருகிறவர்கள் ஆளுக்கொரு பாட்டு கொண்டுவர வேண்டும். அதை அங்கே இருக்கும் மற்றவர்கள் அதுவரை கேட்டிருக்கக் கூடாது. வேறு விதி ஒன்றும் இல்லை.

“யாருடி அந்த மனுஷன்? வெள்ளைக்காரருக்கு நீ திதி கொடுக்கிறியா?” என்று முதல் தடவை அம்மா கேட்டார். ஆமாம்மா என்றேன். எனக்கு அது திதிதான்.

ஜான் பீல் பிபிசி வானொலியில் பாட்டுகளை அறிமுகப்படுத்தி ஒலிபரப்பிய படைப்பாளர். 1967ல் பிபிசியின் பாட்டு அலைவரிசையான ரேடியோ 1 தொடங்கிய நாள்களிலிருந்து 2004ல் கண்மூடும்வரை அங்கேயே இருந்தார். உலகச் சேவையிலும் அவருக்கு ஒரு நிகழ்ச்சி இருந்தது. இங்கே 88.9ல் பிபிசி வரும். தாதிமைப் பயிற்சியில் இருந்த காலத்தில், பணி முடிந்து கால் கடுக்க வந்து படுத்துக்கொண்டு அதைக் கேட்பேன். தமிழ்ப் பாட்டுக்கு நம் வானொலி இருந்தது, அதையும் விடாமல் கேட்டவள்தான். ஆனால் பீல் போட்டதை வேறு யாரும் போடவில்லை. ஜிம்பாப்வேயின் பண்டு பாய்ஸ் குழுவின் கிட்டாரை அவரால்தான் கேட்டேன். அடுத்த பாட்டு ஏதோ ஒரு சிற்றூர்ப் பையன்கள் சொந்தக் காசில் பதிவு செய்ததாக இருக்கும். இரண்டையும் ஒரே மரியாதையோடு அறிமுகப்படுத்துவார். குரலில் அலட்டல் இருக்காது, அவசரம் இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து, “இதைக் கேளேன்” என்று சொல்வதுபோல இருக்கும். இசைத்தட்டைத் தவறான வேகத்தில் சுழலவிட்டுவிட்டாலும் பதறமாட்டார். சொல்லிவிட்டு மறுபடி போடுவார்.

2004 அக்டோபர் 25ஆம் தேதி பெருவில் கஸ்கோ நகரில் மாரடைப்பில் இறந்தார். வயது 65. செய்தி கேட்டபோது நான் வார்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அன்று நான் அழுததை உடன் வேலைபார்த்தவர்களுக்கு விளக்கத் தெரியவில்லை. நேரில் பார்த்திராத ஒருவர், ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஆனால் என் காதைத் திறந்துவிட்டவர் அவர்.

இசைக்காரர்கள் அவருக்குச் செய்த அஞ்சலிகளைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. 2005ல் எல்டன் ஜான், ராபர்ட் பிளாண்ட், ராஜர் டால்ட்ரி எனப் பெரிய பெரிய ஆட்கள் கூடி, பஸ்காக்ஸ் குழுவின் பழைய பாட்டு ஒன்றைச் சேர்ந்து பாடி வெளியிட்டார்கள். வந்த பணம் அம்னெஸ்டி மனித உரிமை அமைப்புக்குப் போனது. நல்ல காரியம், குறை சொல்லமாட்டேன். என் மனம் நிறைந்தது வேறொன்றில். அதே ஆண்டு அக்டோபர் 13ல் முதல் ‘ஜான் பீல் தினம்’ கொண்டாடினார்கள். அவர் ரேடியோ 1ல் கடைசியாக நிகழ்ச்சி செய்து ஓராண்டு ஆகியிருந்த நேரம். பிரிட்டனிலும் வெளியிலுமாக நூற்றுக்கணக்கான இடங்களில், மதுக்கடைகளிலும் சின்ன அரங்குகளிலும், பெயர் தெரியாத குழுக்கள் மேடையேறின. கிளாஸ்டன்பரி விழாவில் புதுக் குழுக்கள் வாசிக்கும் கூடாரத்துக்கும் அந்த ஆண்டு அவர் பெயரை வைத்தார்கள். அவருக்குச் செய்யவேண்டிய முறை அதுதான். புகழ்பெற்றவர்கள் அவரைப் புகழ்வதைவிட, யாருக்கும் தெரியாத ஒருவருக்கு அவர் பெயரால் ஒரு வாய்ப்பு கிடைப்பது பெரிது.

அவருக்கு உயிரான பாட்டு எது என்பது ஊரறிந்தது. வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்துப் பையன்கள், த அண்டர்டோன்ஸ், பாடிய ‘டீனேஜ் கிக்ஸ்’. 1978ல் வானொலியில் அதைப் போட்டவர், முடிந்ததும் உடனே இன்னொரு முறை போட்டார். அவர் இறுதிச் சடங்கில் அது ஒலித்தது. இங்கிலாந்தின் சஃபக்கில் அவர் கல்லறைக் கல்லில் அதன் ஒரு வரி பொறித்திருக்கிறது. எங்கள் வீட்டில் மட்டும் அதைப் போடுவதில்லை. எல்லோருக்கும் தெரிந்த பாட்டாயிற்றே, விதிக்கு ஒத்துவராது.

அதற்குப் பதில் என்னென்னவோ வரும். தோழி ஒருத்தி ருத்ராவின் இசைத்தட்டைக் கொண்டுவந்தாள். 1992ல் நம் சிங்கப்பூரில் தொடங்கிய குழு. காது கிழியும் மெட்டல் இசைக்குள் சமஸ்கிருதச் சுலோகங்களை வைத்துப் பாடுகிறவர்கள். வெளிநாட்டில் ரசிகர்கள் இருக்கிறார்கள். என் வயதுத் தமிழர்களிடம் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. இரைச்சலுக்கே பேர்போன நேப்பாம் டெத் போன்ற குழுவையே அழைத்துப் பதிவு செய்தவர் பீல். இவர்களையும் விட்டிருக்கமாட்டார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அம்மா எந்தத் தட்டையும் தேடவில்லை. ஓர் ஆண்டு, தன் முறை வந்ததும், அவருடைய ஆத்தா தஞ்சாவூர்ப் பக்கம் நாற்று நடும்போது பாடிய பாட்டு ஒன்றை அப்படியே பாடினார். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருக்கிறேன், நானே அதைக் கேட்டதில்லை. நடுவில் இரண்டு வரி மறந்துவிட்டது, முனகலில் ஓட்டிவிட்டார். அண்ணன் மகன் கைப்பேசியில் பதிவு செய்தான். “அத்தை, இது வேற எங்கயும் கிடைக்காதுல்ல?” என்றான். கிடைக்காது.

அவன் இப்போது ஒரு குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறான். பீலின் நிகழ்ச்சிக்காக லண்டன் மைடா வேல் ஸ்டூடியோவில் குழுக்கள் வந்து, பெரும்பாலும் ஒரே நாளில் நான்கு பாட்டுகளைப் பதிவு செய்துகொடுத்துவிட்டுப் போவார்கள். ‘பீல் செஷன்ஸ்’ என்று பெயர். நாலாயிரத்துக்கும் மேல் இருக்கிறது. மெருகேற்ற நேரம் இருக்காது, அதனாலேயே அவற்றில் ஒரு துடிப்பு இருக்கும். இதை அவனுக்குச் சொல்லியிருந்தேன். இந்த முறை அவனும் நண்பர்களும் எங்கள் வரவேற்பறையிலேயே அப்படிச் செய்யப்போகிறார்கள். நான்கு பாட்டு, எல்லாம் அவர்கள் எழுதியவை, அதில் ஒன்றில் அம்மாவின் நடவுப் பாட்டு வருகிறதாம். டிரம்ஸுக்குத் துணி போட்டு ஓசையை அடக்கிக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். கீழ்வீட்டுக்காரரையும் அழைத்திருக்கிறேன், அவரும் ஒரு பாட்டோடு வருகிறார். மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி, இரவு பத்தரைக்குள் முடித்துவிடுவோம்.